கோப்பியும் இலைநோயும்: ‘இயற்கை அழிவு’ என்னும் கருத்துப் பற்றிச் சில சிந்தனைகள்

1869ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பிச் செய்கை தொடர்பாக இரு நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. ஒன்றை இலக்கிய வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். மற்றையதைத் தாவரவியலாளர் குறிப்பிடுவர். இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கியோர் அரியர். ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அவ்வாண்டில் வெளிவந்தது. மலைநாட்டுத் தோட்டங்களைப் பொருளாகக் கொண்டு தமிழில் அச்சேறிய நூல்களுள் மிக முந்தியது அதுவே என்பர். அதே ஆண்டில், மடுல்சீமைப் பகுதியில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் துகள் படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பங்கசு ஆய்வாளர் பேர்க்லிக்கு அனுப்பினார். பேர்க்லி அதற்கு ‘ஹெமிலெயா வாஸ்டாட்றிக்ஸ்’ என்று பெயரிட்டார். பின்னொட்டாயமைந்த இலத்தீன் சொல்லுக்குப் பாழ்செய்பவள் என்பது பொருள். பெயர் பொருத்தமாகவே அமைந்தது. ஐந்து வருடங்களுக்குள் இலங்கையில் அந்நோய் தீண்டாத கோப்பி மாவட்டம் இல்லையென்றாயிற்று. இருபது வருடங்களுக்குள் ஒரு பொருளாதாரமே அழிந்தது.

இவ்வழிவை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரையிலே நாம் ஆராய முற்படும் விடயம். பாடநூல்கள் இதற்கு ஒரே வரியில் விடை கூறிவிடுகின்றன: கோப்பி நோயால் அழிந்தது, தேயிலை நாட்டைக் காப்பாற்றியது. இவ்விடையில் இயற்கை குற்றவாளியாகவும் துரைமாரின் விடாமுயற்சி மீட்பனாகவும் நிற்கின்றன. கொனன் டொயில் 1892இல் வெளிவந்த கதையொன்றிலே இலங்கையின் தேயிலை மலைகளை வாட்டர்லூப் போர்க்களத்துச் சிங்கச் சிலைக்கு ஒப்பான வீரச் சின்னமாகவே போற்றினார். துப்பறியும் கதைகளை எழுதிப் புகழ்பெற்ற ஒருவர், இந்த ஒரு விடயத்தில் தடயங்களைத் தேடாது விட்டமை சற்று வேடிக்கையானதே.

முதலில் அந்தக் கோப்பி எந்த மண்ணில், எவ்விதமாக வந்து நின்றது என்பதை நோக்குதல் வேண்டும். 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. 1820களில் ஆளுநர் பாண்ஸ் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் தாமே கோப்பித் தோட்டம் ஒன்றை வைத்திருந்தார். ஆளுநரே தோட்டக்காரராயிருந்த நாட்டில் சட்டம் எப்பக்கம் சாயும் என்பதை ஊகிப்பது கடினமன்று. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை 1834இலும் அதன் எச்சமான கட்டாயப் பயிலுழைப்பு 1838இலும் ஒழிக்கப்பட, அங்கு கோப்பி உற்பத்தி தளர்ந்தது. 1835இல் பிரித்தானியா இலங்கைக் கோப்பிக்கான இறக்குமதி வரியை மேற்கிந்தியக் கோப்பிக்குச் சமமாக்கியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் சட்டம், உறுதி காட்டமுடியாத காட்டையும் தரிசையும் அரசுடைமையெனக் கொண்டது. கிராமத்தவனுக்கு அக்காடு சேனை செய்யும் இடம், மாடு மேயும் இடம், விறகும் மருந்தும் தரும் இடம். உறுதியோ பெரும்பாலும் அவனிடம் இருந்ததில்லை. அரசு அதனை ஆரம்பத்தில் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்றது. வாங்கியோருள் அரச உத்தியோகத்தரும் படையதிகாரிகளும் மதகுருமாரும் அடங்குவர்.

மலைச்சரிவுகள் வெட்டி எரிக்கப்பட்டன. அச்சாம்பரே முதல் எருவாயிற்று. பல வகை மரங்களும் கொடிகளும் உயிரினங்களும் ஒன்றையொன்று தடுத்தும் தாங்கியும் நின்ற காட்டின் இடத்தில் ஒரே இனச் செடி மலைக்கு மலை தொடர்ந்து நின்றது. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1870இல் பத்து இலட்சம் அந்தருக்கு மேற்பட்ட கோப்பி ஏற்றுமதியாயிற்று.

இனி அந்தப் பங்கசுவைக் கவனிப்போம். அது இலையின் உயிர்க்கலங்களில் மாத்திரமே வாழக்கூடியது. இறந்த சருகில் அதற்கு வாழ்வில்லை. அதன் வித்திகள் தூசியிலும் நுண்ணியவை. காற்றும் மழைத்துளியும் அவற்றைக் கொண்டுசெல்லும். ஈரம் படிந்த இலையில் விழுந்தால் வித்தி முளைத்து, இலைவாய்களினூடே உட்புகும். சில வாரங்களுக்குள் புதிய வித்திகள் எண்ணிறந்து தோன்றும். இலைகள் உதிரும். மரம் உடனே சாவதில்லை. மீண்டும் தளிர்க்கும், மீண்டும் உதிர்க்கும், ஆண்டுக்கு ஆண்டு காய் குறையும். நோயின் இத்தன்மைதான் துரைமாரை நெடுங்காலம் ஏமாற்றியது. இவ்வருடம் தளிர்த்திருக்கிறதே, அடுத்த வருடம் சரியாகிவிடும் என்று அவர்கள் நம்பினர். எருவிட்டனர், சுண்ணாம்பும் கந்தகமும் தூவினர்.

1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் ஆய்வாளர் நோயை ஆராய இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அவர் 1882 வரை இங்கு தங்கி, பங்கசுவின் வாழ்க்கை வட்டத்தைப் படிப்படியாக நிறுவினார். தோட்டக்காரர் எதிர்பார்த்தது மருந்து. அவர் தந்ததோ விளக்கம். காற்றைத் தடுக்க இடையில் மரவரிசைகூட இல்லாமல் ஒரே செடியை இத்துணைப் பரப்பில் நெருக்கி நட்டமையே இச்சிற்றுயிருக்கு எல்லையற்ற உணவும் தடையற்ற வழியும் அளித்தது என அவர் காட்டினார். சில துரைமார் இதனால் அதிருப்தியடைந்தனர். அது இயல்பே. நோய்க்குக் காரணம் இலையில் மாத்திரமன்றிக் காணி வரைபடத்திலும் உண்டு என்று கூறும் விஞ்ஞானியைக் காணி வைத்திருப்பவன் எங்ஙனம் விரும்புவான்?

இந்த இடத்திலே ஒரு முரண்பாட்டை அழுத்திக் கூறவேண்டும். நோய் பரவிய முதற் பத்தாண்டில் கோப்பிப் பரப்புக் குறையவில்லை, கூடிற்று. 1878 அளவில் அது 2,75,000 ஏக்கரை எட்டியது. உலகச் சந்தையில் கோப்பியின் விலை 1870களில் உயர்ந்திருந்தமையே இதற்குக் காரணம். ஏக்கரொன்றின் விளைச்சல் வீழ்ந்துகொண்டிருக்க, விலை அதனை மறைத்தது. இலாபம் இருக்கும்வரை மேலும் காடு வெட்டப்பட்டது. மேலும் கோப்பி நடப்பட்டது. பங்கசுவுக்கு மேலும் இலை கிடைத்தது. நோய்க்கு விடையாக முதல் செய்த காரியம் நோயின் உணவைப் பெருக்கியதேயாகும். பின்னர் விலை வீழ்ந்தபோது மறைப்பு விலகிற்று. ஆகவே, கோப்பியை அழித்தது பங்கசு என்பது அரை உண்மை. பங்கசுவும் விலையும் கூடியே அழித்தன. இவற்றுள் ஒன்றை மாத்திரம் எழுதுவது வரலாறாகாது.

நம்மவரிடையே நிலவும் ஒரு மனப்பாங்கையும் இங்கு குறிப்பிடாமல் விடமுடியாது. பொருள்முதல்வாத நோக்கில் எழுதுவோர் பலர் இயற்கையை அசையாத அரங்காகவும் வர்க்கங்களை மாத்திரமே நடிகர்களாகவும் கொள்கின்றனர். 1938இல் ஸ்ராலின் எழுதிய சிறுநூல் இதற்கு ஒரு காரணம். புவியியற் சூழல் மிக மெதுவாக மாறுவது, சமுதாயமோ விரைந்து மாறுவது, ஆதலின் முன்னையது பின்னையதன் வளர்ச்சியைத் தீர்மானிக்கமாட்டாது என்று அது வாதித்தது. மலைகளையும் நதிகளையும் மனத்திற் கொண்டால் வாதம் சரியாகத் தோன்றும். ஆனால் மடுல்சீமையில் தோன்றிய ஒரு புள்ளி ஐந்து வருடங்களில் ஒரு நாட்டின் மலைப்பகுதி முழுவதையும் கவ்விய வேகத்தை அவ்வாதத்துள் எங்கு வைப்பது? இயற்கை மெதுவாகவே இயங்கும் என்பது தொழிற்சாலையிலிருந்து உலகைப் பார்த்தவரின் எண்ணம். வயலில் நிற்பவன் அவ்வாறு எண்ணான்.

ஏங்கெல்ஸ் இவ்வாறு எழுதவில்லை. மனிதக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு பற்றி 1876இல் அவர் எழுதிய முற்றுப்பெறாத கட்டுரையில் கோப்பியே ஓர் உதாரணமாக வருகின்றது. கியூபாவில் ஸ்பானியத் தோட்டக்காரர் மலைச்சரிவுக் காட்டை எரித்து, அச்சாம்பரின் வலுவில் ஒரு தலைமுறைக் கோப்பிக்கு இலாபம் கண்டனர்; பின்னர் அயனமண்டலப் பெருமழை மண்ணை வாரிச்செல்ல வெறும் பாறை எஞ்சுவதைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை என்று அவர் கேட்கின்றார். அதே ஆண்டுகளிலே, அதே முறையில் எரிக்கப்பட்ட சரிவுகளில் நின்ற இலங்கைக் கோப்பி இலையுதிர்த்துக் கொண்டிருந்தது. இயற்கைமீது நாம் ஈட்டும் ஒவ்வொரு வெற்றிக்கும் எதிர்பாராத பின்விளைவு உண்டென்பது அக்கட்டுரையின் சாரம். அதன் மற்றொரு பகுதியை நாம் அடிக்கடி மறந்துவிடுகின்றோம்: உடனடி இலாபத்தையே நோக்கும் உற்பத்தி முறையில் அப்பின்விளைவை அறிந்தாலும் தவிர்க்க இயலாது. வார்ட் அறிந்து சொன்னார். எவரும் மரவரிசை நடுவதற்காகக் கோப்பியைப் பிடுங்கவில்லை.

பங்கசுவுக்கு வர்க்கபேதம் இல்லை. எனினும் அதன் விளைவுகளுக்கு இருந்தது. இதுவே நமக்கு முக்கியமானது.

1884 மே மாதத்தில் ஓறியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனம் கதவடைத்தது. அதன் நாணயத்தாள்களே நாட்டில் பெருமளவில் வழங்கியவை. ஆளுநர் ஆதர் கோடன் அவற்றுக்கு அரசின் உத்தரவாதத்தை அளித்துக் கலவரத்தைத் தவிர்த்தார். தனித்தனித் துரைமார் பலர் முறிந்துபோயினர். அவர்களுடைய காணிகளைக் கம்பனிகள் வாங்கின. முதல் அழியவில்லை, கைமாறிச் செறிவடைந்தது.

சிங்களக் கிராமத்தவர் நிலை வேறு. வீட்டுத் தோட்டத்தில் பலாவோடும் கமுகோடும் கலந்து நின்ற நாட்டுக் கோப்பி அவர்களுக்குக் காசு தந்த பயிர். ஏற்றுமதியில் அதற்குக் கணிசமான பங்கிருந்தது. தோட்டங்களிலிருந்து காற்றோடு வந்த வித்திகளுக்கு அதுவும் தப்பவில்லை. அரசோ 1878ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் நெல்வரியைக் காசாகச் செலுத்தும் முறையை இறுக்கியது. கோப்பி இருந்தபோது வரிக்குக் காசு இருந்தது. கோப்பி போனபின் வரி மாத்திரம் இருந்தது. 1880களின் முற்பகுதியில் வலப்பனைப் பகுதியில் வரி நிலுவைக்காக வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. குடும்பங்கள் ஊரைவிட்டு அலைந்தன. பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபர் லெ மெசூரியர் இவற்றை வெளிப்படுத்தியமை மேலிடத்துக்கு உவப்பாயிருக்கவில்லை. நெல்வரி 1892இலேயே நீக்கப்பட்டது.

மூன்றாமவர் தோட்டத் தொழிலாளர். கோப்பி பருவப் பயிராதலின், பழம் பறிக்கும் மாதங்களுக்கென அவர்கள் இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளிலிருந்து வந்தனர். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் வழிநெடுகப் பிணங்களை விட்டுச்சென்றன. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு நீங்குவது சிறைக்குரிய குற்றம். கூலி பல மாதங்கள் நிலுவையாயிருப்பது வழக்கம். தோட்டம் முறிந்தபோது அந்நிலுவைக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இக்காலத்திலேதான் கடலுக்கு அப்பால் தாது வருடப் பஞ்சம் நிகழ்ந்தது. 1876இல் மழை பொய்த்தது. 1878 வரை சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அப்பஞ்ச காலத்திலும் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாயிற்று. மழை பொய்த்தமை இயற்கை. தானியம் கப்பலேறியமை இயற்கையன்று. இலங்கைக்கு வந்த தொழிலாளர் தொகை பெருகிற்று. வரட்சி துரத்த ஓடிவந்தவர்கள் பங்கசு பிடித்த மலையில் வந்தேறினர். இரண்டு ‘இயற்கை அழிவு’களுக்கும் நடுவே நின்று, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்த இம்மக்களை, இரு நாட்டு வரலாற்றாசிரியரும் தத்தம் எல்லைக்கோட்டோடு விட்டுவிட்டனர்.

இலக்கியம் இவற்றை எவ்வாறு கண்டது? ஆபிரகாம் ஜோசப் தோட்ட உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்தில் அச்சிடப்பட்ட அவர் நூல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் தாங்கி வந்தமை யாரை நோக்கியது என்பதைக் காட்டும். கும்மி உழைக்கும் பெண்களின் வடிவம். அவ்வடிவத்தில் செய்கை முறையும் துரைமாரின் பெருமையும் பாடப்படுகின்றன. தொழிலாளியோ சோம்பலுக்கும் நன்றியின்மைக்கும் கண்டிக்கப்படுகின்றான். வடிவம் மக்களுடையது, நோக்கு முதலாளியுடையது. ஆயினும் அதனை ஒதுக்கிவிடுதல் தவறு. தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணும்போது மரத்தையும் பறவையையும் உணவையும் கூறுமிடத்தே தொழிலையும் சேர்த்தே கூறுகின்றார். திணை மரபு மறைந்து பல நூற்றாண்டுகளின் பின்னர், ஒரு நிலமும் அதன் செடியும் அதில் நிகழும் தொழிலும் மீண்டும் தமிழில் ஒருங்கே பாடற்பொருளாயின. நில உடைமையும் தொழிலும் வேறு வேறு கைகளில் இருந்தமையே வேறுபாடு. செழிப்பின் பாடநூலாக எழுதப்பட்ட அந்நூல் வெளிவந்த ஆண்டிலேயே செழிப்பின் முடிவு தொடங்கிவிட்டது. ஆசிரியர் அதனை அறிந்திருக்க நியாயமில்லை.

தாதுப் பஞ்சத்தைப் பாடியவருள் சிவகங்கைச் சமஸ்தானப் புலவர் வில்லியப்ப பிள்ளை குறிப்பிடத்தக்கவர். 1899இல் வெளிவந்த ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ என்னும் அவரது நூலில், பஞ்சத்தில் வாடும் மக்கள் மதுரைச் சோமசுந்தரக் கடவுளிடம் முறையிட, தம்மால் ஆகாதென்று கண்ட இறைவன் சிவகங்கை ஜமீன்தாருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக்கொடுக்கின்றார். அங்கதம் கூர்மையானது. சமயத்தின் இயலாமையை எள்ளி நகையாடும் துணிவு அதில் உண்டு. ஆனால் தீர்வு புரவலனின் வாசலில் வந்து நின்றுவிடுகின்றது. மழையின்மைக்கும் சாவுக்கும் இடையில் வரியும் வணிகமும் ஜமீன் முறையும் இருந்தன என்பதை ஜமீன் புலவர் பாடமுடியுமா? சிவகங்கைச் சீமையிலிருந்து மன்னாருக்குக் கடல் கடந்தோர் அந்த வாசலுக்குப் போகாதவர்கள்.

அவர்கள் பாடியவை வாய்மொழியாய் நின்றன. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் நூலாயிற்று. தேயிலை மலைகளில் வழங்கிய பாடல்களிலே கோப்பி வருவது கருதத்தக்கது. செடி அழிந்து நூறு ஆண்டு கடந்தபின்னும் சொல் அழியவில்லை. அப்பாடல்களில் நோய் என்பது இலையின் நோயன்று. வழியிற் செத்தவன், மலையில் தொலைந்த உடன்பிறந்தான், கங்காணியின் கணக்கு ஆகியவையே அவற்றில் இடம்பெறும் அழிவு. தாவரவியலாளர் குறிப்பும் வங்கியின் ஐந்தொகையும் பதிவு செய்யாத அழிவு அது.

கோப்பி போனபின் உடனே தேயிலை வந்துவிடவில்லை. இடையில் சின்கோனா நடப்பட்டது. கொயினா மருந்துக்கு மூலமான அதன் பட்டை 1886இல் ஒன்றரைக் கோடி இறாத்தல் ஏற்றுமதியாயிற்று. எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டு ஒரே நேரத்தில் விற்றமையால் விலை தரைமட்டமாக, சின்கோனாவும் கைவிடப்பட்டது. இதற்குப் பங்கசு எதுவும் தேவைப்படவில்லை! கோப்பியின் அழிவை இயற்கையின்மீது சுமத்துவோர் சின்கோனாவைப் பற்றி அதிகம் பேசாமைக்குக் காரணம் இதுவாகலாம். இலைநோயினாலேயே ஆங்கிலேயர் தேநீர் குடிக்கத் தொடங்கினர் என்று கூறுவதும் கட்டுக்கதை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அவர்கள் தேநீருக்குப் பழகியிருந்தனர்.

ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 1867இல் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, 1890களின் நடுப்பகுதியில் மூன்று இலட்சம் ஏக்கராகப் பெருகியது. அதுவும் ஒற்றைப் பயிரே. ஆனால் அது ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. பருவத்துக்கு வந்துபோகும் ஆண்கள் போதாமல், நிரந்தரமாய்த் தங்கும் குடும்பங்களும், சிறப்பாகப் பெண்களின் கைகளும் தேவையாயின. லயங்கள் ஊர்களாயின, பிள்ளைகள் பிறந்தனர், ஒரு மக்கட் கூட்டம் உருவாகியது. மலையகத் தமிழரின் சமுதாய உருவாக்கத்தில் இந்தப் பங்கசுவுக்கு ஒரு பங்குண்டு என்றால் சிலருக்கு நகைப்பாயிருக்கலாம். எனினும் ஒரு செடியின் உயிரியல் இயல்பும் மற்றொரு செடியின் உயிரியல் இயல்பும் வேறுபட்டமை, மூலதனத்தின் தேவையினூடாக, மனித வாழ்வின் அமைப்பையே மாற்றியது. அவ்வாறு நிலைத்தோரையே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தேறிகள் எனக் கொண்டது. எஞ்சிய நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

பங்கசுவும் நின்றுவிடவில்லை. 1970இல் அது பிரேசிலின் பாஹியாவில் காணப்பட்டது. 2012இலும் 2013இலும் மத்திய அமெரிக்கச் சிறு விவசாயிகளையும் கூலியாட்களையும் தாக்கி, பலரை வேலையின்றி அலையவைத்தது. கோப்பியின் தாயகமான எதியோப்பியாவின் தென்மேற்குக் காடுகளிலோ, காட்டுக் கோப்பியும் இப்பங்கசுவும் ஒருங்கே இருந்து வருகின்றன. அங்கு மரங்கள் தம்முள் வேறுபட்டவை, நிழலில் நிற்பவை, பிற மரங்களால் பிரிக்கப்பட்டவை. அதே உயிர், அதே செடி. ஆயின் அங்கு அது பாழ்செய்பவள் அல்ல.

வலப்பனையில் வயலிழந்த சிங்களக் கிராமத்தவரும் அதே மலைகளில் கூலியிழந்த தமிழ்த் தொழிலாளரும் ஒரே பத்தாண்டில், ஒரே காரணத் தொகுதியால் அழிக்கப்பட்டவர்கள். இருவர் அழிவும் இதுவரை இரு மொழிகளில், இரு வரலாறுகளாகவே எழுதப்பட்டுள்ளன; கிராமத்தவனுடைய வரலாற்றில் தொழிலாளி நிலத்தைக் கவர வந்தவனாகவும், தொழிலாளியின் வரலாற்றில் கிராமத்தவன் அயலானாகவும் தோன்றுகின்றனர். 1880களின் நெல்வரி அறிக்கைகளையும் தோட்டத் தொழிலாளர் சட்டங்களையும், கண்டிப் பிரதேசத்து நாட்டார் கவிகளையும் மலையகத் தெம்மாங்குகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் பணியை இரு மொழியும் அறிந்த மாணவர் குழு ஒன்றே செய்ய இயலும். பேராதனையில், வார்ட் தமது நுணுக்குக்காட்டியை வைத்து ஆராய்ந்த பூங்காவுக்கு அண்மையிலேயே, அதற்குரிய நூலகம் இருக்கின்றது.